வீடு தேடி வரும் தன்னார்வலர்: பராமரிக்கும் உங்களுக்கு என்ன கிடைக்க வேண்டும்?

படுக்கையில் இருக்கும் ஒருவரை நீங்கள் வீட்டில் கவனித்து வருகிறீர்கள் என்றால், இந்தக் காட்சி உங்களுக்குப் பழகியதாக இருக்கும். சுகாதாரத் தன்னார்வலர் வருகிறார். நோயாளியின் இரத்த அழுத்தத்தைப் பார்க்கிறார்; மாத்திரை தீர்ந்துவிட்டதா என்று கேட்கிறார்; பதிவேட்டில் குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குச் செல்கிறார். அந்தப் பதிவேட்டில் நோயாளியின் பெயர், வயது, நோய், மருந்து எல்லாம் இருக்கின்றன. முந்தைய இரவு நான்கு முறை எழுந்து அவரைப் புரட்டிப் படுக்கவைத்த உங்கள் பெயருக்கு அதில் இடமில்லை. உங்களுடைய இரத்த அழுத்தம் கடைசியாக எப்போது பார்க்கப்பட்டது என்று எவரேனும் கேட்டால், உங்களுக்கே நினைவு வராமல் போகலாம்.

இதில் தன்னார்வலரைக் குறை சொல்வதற்கில்லை. வீட்டுவழி மருத்துவத் திட்டங்கள் நோயாளியை எண்ணியே வகுக்கப்படுகின்றன. பராமரிப்பவருக்கு அவற்றால் ஓரளவு நிம்மதி கிடைப்பது உண்மையே. ஆயினும் அது திட்டத்தின் இலக்காக எழுதப்படுவது அரிது. தன்னார்வலர் ஒருவரால் பராமரிப்பாளருக்குத் தரக்கூடியவற்றுள் மிகப் பெரியது நேரம். நோயாளியின் அருகில் அவர் இரண்டு மணி நேரம் அமர்ந்திருந்தால், அந்த இரண்டு மணி நேரம் உங்களுடையதாகிறது. எந்தப் பதிவேட்டிலும் கட்டம் இல்லாத சேவையும் இதுவே. ஆகவே இதை நீங்கள் கேட்டுப் பெற வேண்டியிருக்கிறது. கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் இத்தகைய ஏற்பாடுகள் எவ்வாறு உருவாயின, இன்று அவற்றால் என்ன கிடைக்கிறது, எங்கே அவை நின்றுவிடுகின்றன என்பதை இப்பக்கம் விளக்குகிறது.

ஏன் இப்போது இதைப் பேச வேண்டியிருக்கிறது?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டு மக்களில் 60 வயதைக் கடந்தவர்கள் 10.4 விழுக்காட்டினர்; கேரளத்தில் 12.6 விழுக்காட்டினர். 2036-ஆம் ஆண்டளவில் இவ்விரு மாநிலங்களிலும் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் அந்த வயதினராக இருப்பார் என்று ஒன்றிய அரசின் மக்கள்தொகைக் கணிப்புக் குழு மதிப்பிட்டுள்ளது. வீட்டில் பிள்ளைகளின் எண்ணிக்கையோ குறைந்துவிட்டது. அவர்களிலும் பலர் வேலை நிமித்தம் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருக்கின்றனர். ஐந்து பேர் முறை வைத்துச் செய்த வேலை இன்று ஒரு மகளின் மீதோ மருமகளின் மீதோ, தானே முதுமையடைந்துவிட்ட மனைவியின் மீதோ விழுகிறது.

அது யார் மீது விழுகிறது என்பதற்கும் கணக்கு உண்டு. தேசிய புள்ளியியல் அலுவலகம் 2024-இல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வில், 15 முதல் 59 வயது வரையுள்ள பெண்களில் 41 விழுக்காட்டினர் வீட்டாரைப் பராமரிக்கும் வேலையில் ஈடுபட்டதாகவும், ஆண்களில் 21.4 விழுக்காட்டினரே ஈடுபட்டதாகவும் தெரியவந்தது. ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்குச் சுமார் 140 நிமிடங்களையும், ஆண்கள் 74 நிமிடங்களையும் செலவிட்டனர். இந்த எண்களைப் படிக்கும்போது ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். குழந்தையைக் குளிப்பாட்டுவதும் பக்கவாதம் வந்த மாமனாரைக் குளிப்பாட்டுவதும் இங்கே ஒரே தலைப்பின் கீழ் கூட்டப்படுகின்றன. படுக்கையில் இருப்பவருக்குப் படுக்கைப் புண் வராமல் தடுக்க, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் படுக்கவைக்குமாறு செவிலியர்கள் அறிவுறுத்துவார்கள். அதன்படி நாளொன்றுக்குப் பன்னிரண்டு முறை புரட்ட வேண்டும். தொடர்ந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் உறங்க முடியாது. 140 நிமிடங்கள் என்ற சராசரியில் அப்படிப்பட்ட வீடு தென்படாது.

பராமரிப்பவரின் உடல்நலம் இதில் எந்த அளவுக்குப் பணயமாக வைக்கப்படுகிறது? 1999-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, தம் கணவரையோ மனைவியையோ பராமரித்த முதியோரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. பராமரிப்பு தமக்குப் பெருஞ்சுமையாக இருக்கிறது என்று கூறியவர்கள் அக்காலத்துக்குள் இறப்பதற்கான வாய்ப்பு, பராமரிப்புப் பொறுப்பு இல்லாதவர்களைக் காட்டிலும் 63 விழுக்காடு மிகுதியாக இருந்தது. அதே ஆய்வில், சுமையை உணராமல் பராமரித்தவர்களிடம் அத்தகைய குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. ஆகவே ஒருவரைக் கவனித்துக்கொள்வதே உயிருக்குக் கேடு என்று பொருள்கொள்ள வேண்டாம். ஆள் மாற்ற ஒருவருமின்றி, உறக்கமின்றி, தன் மருந்தை வாங்கக்கூட வெளியே போக முடியாமல் கவனித்துக்கொள்வதே கேடு.

கோழிக்கோட்டில் தொடங்கிய வழி

1993-இல் கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரியை ஒட்டி, மருத்துவர்கள் எம்.ஆர்.ராஜகோபால், சுரேஷ்குமார் முதலியோரின் முயற்சியால் வலி நிவாரணத்துக்கும் நோய் ஆதரவு சிகிச்சைக்குமான ஒரு சங்கம் உருவானது. நோயை முற்றிலும் குணப்படுத்த இயலாத நிலையிலும் வலியையும் துன்பத்தையும் குறைத்து, நோயாளியையும் குடும்பத்தையும் தாங்கிப் பிடிப்பதே நோய் ஆதரவு சிகிச்சை. தொடக்கத்தில் அது ஒரு புறநோயாளர் பிரிவாக மட்டுமே இயங்கியது. யாருக்கு அந்தச் சேவை மிகவும் தேவையோ அவர்களால் எழுந்து வர முடியவில்லை என்பது விரைவில் தெரிந்தது. மருத்துவக் குழுவே வீடுகளுக்குச் செல்லத் தொடங்கியபோது இன்னொன்றும் தெரிந்தது. மருத்துவர் வந்து சென்ற பின் எஞ்சிய நாட்களில் அந்த வீட்டின் துன்பங்களில் பெரும்பகுதி மருத்துவம் சார்ந்ததாக இருக்கவில்லை. அரிசி இல்லை, மருத்துவமனைக்குச் செல்லப் பேருந்துக் கட்டணம் இல்லை, பிள்ளை பள்ளியை விட்டு நின்றுவிட்டான், அம்மா கடைக்குப் போனால் அப்பாவின் அருகில் இருக்க ஆளில்லை.

இவற்றுக்கு மருந்துச் சீட்டு எழுத முடியாது. பக்கத்து வீட்டாரால் ஏதேனும் செய்ய முடியும். இந்த எண்ணத்திலிருந்தே 2000-ஆம் ஆண்டையொட்டி மலப்புறம், கோழிக்கோடு பகுதிகளில் அண்டை அயலாரின் நோய் ஆதரவு வலையமைப்பு வளர்ந்தது. அதில் சேர்வதற்கான நிபந்தனை எளியது. வாரத்தில் குறைந்தது இரண்டு மணி நேரம் ஒதுக்க முடிந்தவராக இருக்க வேண்டும். அவருக்கு 16 மணி நேர வகுப்புப் பயிற்சியும், அனுபவமுள்ளவர்களின் மேற்பார்வையில் நான்கு நாட்கள் நேரடிப் பயிற்சியும் தரப்பட்டன. பயிற்சி முடித்தவர்கள் 10 முதல் 15 பேர் கொண்ட குழுக்களாகச் சேர்ந்து, தம் பகுதியில் நாட்பட்ட நோயால் வீட்டோடு இருப்பவர்களைத் தாமே கண்டறிந்தனர். எந்த வீட்டுக்கு என்ன தேவை என்பதைத் தாமே முடிவு செய்தனர். மருத்துவரும் செவிலியரும் அவர்களுக்குப் பின்னால் துணையாக நின்றனர். செலவுக்குரிய பணத்தில் பெரும்பகுதி உள்ளூரில் சிறு சிறு தொகைகளாகத் திரட்டப்பட்டது.

வாரத்துக்கு இரண்டு மணி நேரம் என்பது கேட்பதற்குச் சிறியதாகத் தோன்றலாம். கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு பகுதியில் பத்துப் பேர் இருந்தால் வாரம் 20 மணி நேரம் சேர்கிறது. அங்கே படுத்த படுக்கையாக ஐந்து பேர் இருந்தால் ஒவ்வொரு வீட்டுக்கும் நான்கு மணி நேரம். அந்த நான்கு மணி நேரத்தில் ஒரு பராமரிப்பாளர் வங்கிக்குச் சென்று வரலாம், தன் பல்வலிக்கு மருத்துவரைப் பார்க்கலாம், கதவைச் சாத்திக்கொண்டு தூங்கலாம். மருத்துவமனை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் இதைத் தர இயலாது.

புற்றுநோயாளிகளுக்காகத் தொடங்கிய இந்த ஏற்பாடு, பக்கவாதம், முதுகுத்தண்டுக் காயம், சிறுநீரக நோய், முதுமைத் தளர்ச்சி ஆகியவற்றால் வீட்டோடு கிடப்பவர்களுக்கும் விரிந்தது. நோயாளியின் குடும்பத்துக்கு உணவுப் பொருள்கள் வழங்குவதும், பிள்ளைகளின் படிப்புக்கு உதவுவதும் குழுக்களின் வழக்கமான வேலைகளாயின. இந்தக் கடைசிச் செய்தி கவனிக்கத்தக்கது. வீட்டில் நோய் நீடிக்கும்போது பராமரிப்பாளர் ஆவது பல இடங்களில் பெரியவர் அல்லர். பத்தாம் வகுப்பை நிறுத்திவிட்ட மகள்.

2008-இல் கேரள அரசு நோய் ஆதரவு சிகிச்சைக்கென ஒரு கொள்கையை வெளியிட்டது. அதன் பின் உள்ளாட்சி அமைப்புகள் தம் நிதியிலிருந்து செவிலியரை அமர்த்தி வீடுவீடாகச் செல்லும் சேவையை நடத்தத் தொடங்கின. தன்னார்வலர்களின் இயக்கம் அரசின் கடமையாக மாறியது பெரிய முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அதற்கு ஒரு விலையும் இருந்தது. செவிலியரின் வாகனம் வரும் நாளே சேவை நாள் என்றானபோது, தன்னார்வலர் அவருடன் வந்து போகும் துணையாளாகச் சுருங்கக்கூடிய நிலை சில இடங்களில் ஏற்பட்டது. புண்ணுக்குக் கட்டுப் போடப்பட்டது; அருகில் அமரும் நேரம் குறைந்தது. தன்னார்வலர்களின் எண்ணிக்கையும் மாநிலம் முழுவதும் ஒரே சீராக இல்லை. மலபார் பகுதியில் காணப்படும் அடர்த்தி தெற்கே இல்லை. 2025-இல் தொடங்கப்பட்ட ‘கேரளா கேர்’ என்னும் ஒருங்கிணைந்த வலையமைப்பு, அரசுக் குழுக்களையும் தொண்டு நிறுவனங்களையும் ஒன்றாக இணைத்து, பொதுமக்கள் தன்னார்வலராகப் பதிவு செய்துகொள்ள வழி செய்துள்ளது. பதிவு செய்வோரின் எண்ணிக்கையைக் கொண்டு மட்டும் இதன் வெற்றியை அளக்க முடியாது. அவர்கள் ஒரு வீட்டில் எவ்வளவு நேரம் இருக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டில் உங்கள் வீட்டுக்கு வருபவர் யார்?

‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கி வைக்கப்பட்டது. உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்கான மருந்துகளை வீட்டிலேயே வழங்குதல், நோய் ஆதரவு சேவை, இயன்முறை சிகிச்சை, வீட்டிலேயே டயாலிசிஸ் செய்துகொள்வோருக்குத் தேவையான பைகளை வழங்குதல் ஆகியன இதில் அடங்கும். மகளிர் சுய உதவிக் குழுக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் மருந்து கொண்டுவருகின்றனர். நோய் ஆதரவுச் செவிலியரும் இயன்முறை சிகிச்சையாளரும் வட்டார அளவில் பணியாற்றுகின்றனர். 2024-இல் இத்திட்டம் தொற்றா நோய்த் தடுப்புக்கான ஐக்கிய நாடுகள் அவையின் பணிக்குழு விருதைப் பெற்றது.

இதனைக் கோழிக்கோட்டு முறையோடு அப்படியே ஒப்பிடுவது சரியாகாது. அங்கே தன்னார்வலர் என்றால் ஊதியமின்றி வாரத்தில் இரண்டு மணி நேரம் தருபவர். இங்கே அப்பெயரால் அழைக்கப்படுபவர் மாத ஊக்கத்தொகை பெற்று, குறிப்பிட்ட வீடுகளின் பட்டியலை முடிக்க வேண்டிய ஒரு பணியாளர் போன்றவர். அவரிடம் மருந்துப் பை, இரத்த அழுத்தமானி, சர்க்கரை அளவு பார்க்கும் கருவி ஆகியவை இருக்கின்றன. உங்கள் வீட்டில் இரண்டு மணி நேரம் அமர்வதற்கான அவகாசம் இல்லை. அவரும் உங்கள் ஊர்ப் பெண்தான். அவருடைய வீட்டிலும் கவனிக்கப்பட வேண்டிய ஒருவர் இருக்கக்கூடும். கேரளத்து முறை வீட்டுக்குள் நீண்ட நேரம் தங்குவதில் வலிமை பெற்றது. தமிழ்நாட்டு முறை எல்லா ஊர்களையும் எட்டுவதில் வலிமை பெற்றது. எட்டிவிட்ட கதவுக்குப் பின்னால் இருக்கும் பராமரிப்பாளரையும் கண்ணில் வாங்குவது தமிழ்நாட்டில் இனி நடக்க வேண்டிய வேலை.

அதுவரை, இருக்கும் ஏற்பாட்டிலேயே உங்களுக்கு உரியவை சில உண்டு. நீங்கள் 30 வயதைக் கடந்தவர் என்றால் இரத்த அழுத்தப் பரிசோதனைக்கும் சர்க்கரைப் பரிசோதனைக்கும் நீங்களும் உரியவரே. தன்னார்வலர் நோயாளிக்குப் பார்த்து முடித்ததும் உங்கள் கையையும் நீட்டுங்கள். இயன்முறை சிகிச்சையாளர் வரும்போது, நோயாளிக்கான பயிற்சிகளோடு, இடுப்பு பிடித்துக்கொள்ளாமல் அவரைத் தூக்குவது எப்படி, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவது எப்படி என்று உங்களுக்குச் செய்து காட்டச் சொல்லுங்கள். அவர் முன்னிலையில் நீங்களும் ஒருமுறை செய்து பாருங்கள். பராமரிப்பவரின் முதுகு போய்விட்டால் வீட்டில் நோயாளிகள் இருவர். செவிலியரிடம் படுக்கைப் புண்ணின் முதல் அறிகுறி எப்படி இருக்கும், சிறுநீர்க் குழாயை எவ்வாறு தூய்மையாக வைப்பது என்பவற்றைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் வீடு இச்சேவையின் பட்டியலில் இல்லையென்றால் கிராம சுகாதார செவிலியரிடமோ, அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலோ தெரிவிக்கலாம். 104 என்ற எண்ணிலும் விவரம் கேட்கலாம்.

மனநோயாளரையோ மறதிநோய் உடையவரையோ பராமரிப்பவர்களின் நிலை சற்று வேறானது. நோயாளி நடமாடுவார், வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அவர் நன்றாக இருப்பதாகவே தோன்றும். சென்னையில் மருத்துவர் சாரதா மேனன் முன்னின்று 1984-இல் நிறுவிய ஸ்கார்ஃப் அமைப்பு, மனநோயாளர்களின் குடும்பங்களோடு நெடுங்காலமாகப் பணியாற்றி வருகிறது. 1992-இல் கொச்சியில் தொடங்கிய இந்திய அல்சைமர் மற்றும் தொடர்புடைய நோய்கள் சங்கத்துக்குப் பல நகரங்களில் கிளைகள் உள்ளன. இத்தகைய அமைப்புகள் நடத்தும் பராமரிப்பாளர் கூட்டங்களில், இதே சூழலைக் கடந்து வந்த இன்னொரு பராமரிப்பாளரே பெரும்பாலும் உங்களுக்குப் பயனுள்ள தன்னார்வலராக அமைவார். மாலை ஆனதும் அம்மா ‘வீட்டுக்குப் போகணும்’ என்று கதவைத் தட்டத் தொடங்கினால் என்ன செய்வது என்பதை அவர் பட்டறிந்திருப்பார்.

கேட்கத் தயங்குவது ஏன்?

‘எங்கள் வீட்டு விஷயம் ஊருக்குத் தெரிய வேண்டாம்’ என்பதே பலரின் முதல் தயக்கம். ‘பெற்ற தாயைப் பார்த்துக்கொள்ள அடுத்தவரைக் கூப்பிடுவதா’ என்பது இரண்டாவது. இரண்டும் மதிக்கத்தக்க உணர்வுகளே. ஆனால் தன்னார்வலரை ஏற்பது என்றால் தாயின் உடலை அந்நியர் முன் திறப்பது என்று பொருளில்லை. குளிப்பாட்டுவதும் துணி மாற்றுவதும் உங்கள் பொறுப்பிலேயே இருக்கட்டும். மருந்துக் கடைக்குச் செல்வது, ஓய்வூதிய அலுவலகத்தில் வரிசையில் நிற்பது, செய்தித்தாளை வாசித்துக் காட்டியபடி அருகில் அமர்ந்திருப்பது ஆகியவற்றை இன்னொருவர் செய்யலாம். பெண் நோயாளி இருக்கும் வீட்டுக்குப் பெண் தன்னார்வலரே வர வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். அது நியாயமான கோரிக்கை.

சாதியை முன்னிட்டு ஒருவரை வாசலிலேயே நிறுத்துவது நியாயமன்று. அதே காரணத்துக்காகத் தன்னார்வலர் ஒரு தெருவைத் தவிர்த்துச் செல்வதும் நியாயமன்று. உங்கள் தெருவுக்கு மட்டும் வருகை இல்லை என்பதை நீங்கள் கவனித்தால், அதனை ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலரிடம் எழுத்து வழியாகத் தெரிவியுங்கள்.

உதவி கேட்கும்போது நாளும் நேரமும் சொல்லிக் கேளுங்கள். ‘ஏதாவது உதவி வேண்டுமா’ என்று கேட்பவர்களுக்கு ‘ஒன்றும் வேண்டாம்’ என்று சொல்லிப் பழகியவர்கள் நாம். ‘செவ்வாய்க்கிழமை காலை 10 மணி முதல் 12 மணி வரை அப்பாவின் அருகில் இருக்க முடியுமா’ என்று கேட்டால் ஒருவர் ஆம் என்றோ இல்லை என்றோ சொல்ல முடியும். முதல் இரண்டு வருகைகளின்போது நீங்களும் வீட்டிலேயே இருங்கள். நோயாளிக்கு அவர் பழக்கமான பிறகு வெளியே செல்லலாம். செல்லுமுன் உங்கள் கைப்பேசி எண், நோயாளி சாப்பிடும் நேரம், விழுங்குவதில் சிரமம் உண்டா என்ற விவரம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவையுங்கள். மூச்சுத் திணறல், வலிப்பு, நினைவு தவறுதல் ஏற்பட்டால் முதலில் 108-ஐ அழைத்து, பிறகு உங்களை அழைக்குமாறும் அதில் எழுதுங்கள்.

ஊசி போடுவது, மருந்தின் அளவை மாற்றுவது, மூக்கு வழியாக உணவுக்குழாய் செருகுவது ஆகியவை தன்னார்வலரின் வேலைகள் அல்ல. அவரே முன்வந்தாலும் ஏற்காதீர்கள். வங்கி அட்டை, நகை, கையொப்பம் தொடர்பான எதையும் அவரிடம் ஒப்படைக்க வேண்டாம். இது அவர் மீதுள்ள ஐயத்தால் சொல்லப்படுவதில்லை, பின்னர் ஏதேனும் காணாமற்போனால் முதலில் பழி சுமக்க வேண்டியவர் அவரே என்பதால் சொல்லப்படுகிறது. உங்கள் வீட்டில் கண்டதை அவர் வெளியே பேசினால், வருகையை நிறுத்திக்கொள்ளும் உரிமை உங்களுக்கு உண்டு.

சட்டம் உங்களை எங்கே பார்க்கிறது?

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் நலச் சட்டம், 2007, பெற்றோரைப் பராமரிக்கும் கடமையைப் பிள்ளைகள் மீது சுமத்துகிறது. கைவிடுவோருக்குத் தண்டனையும் விதிக்கிறது. அக்கடமையை நிறைவேற்றுபவருக்கு ஓய்வு வேண்டுமே என்பதைப் பற்றி அதில் பேச்சில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, ஒரு படி முன்னே செல்கிறது. ஊதியம் பெற்றோ பெறாமலோ மாற்றுத்திறனாளிக்குப் பராமரிப்பும் உதவியும் தரும் எவரும், பெற்றோரும் குடும்பத்தினரும் உட்பட, ‘பராமரிப்பாளர்’ என்று அது வரையறுக்கிறது. உயர் ஆதரவு தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளர் படி வழங்குவதையும் சமூகப் பாதுகாப்புத் திட்டங்களுள் ஒன்றாகக் குறிப்பிடுகிறது. பக்கவாதத்தாலோ விபத்தாலோ நிலையான உடல் இயக்கக் குறைபாடு ஏற்பட்டவரும் மாற்றுத்திறனாளிச் சான்று பெற விண்ணப்பிக்கலாம் என்பதைப் பல குடும்பங்கள் அறிவதில்லை. ‘அது பிறவியிலேயே ஊனமுற்றவர்களுக்கு’ என்று எண்ணி விட்டுவிடுகின்றன.

தமிழ்நாட்டில் கடுமையாகப் பாதிக்கப்பட்டோர், அறிவுசார் குறைபாடு உடையோர், தசைச்சிதைவு நோயாளிகள் உள்ளிட்ட சில பிரிவினருக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை வழங்கப்படுகிறது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கேரளத்தில் படுத்த படுக்கையாக இருப்பவரை முழுநேரமும் கவனித்துக்கொள்பவருக்கென ‘ஆஸ்வாசகிரணம்’ என்ற திட்டத்தில் மாதம் 600 ரூபாய் தரப்படுகிறது. தொகை சிறியது. ஆயினும் அது பராமரிப்பாளரைக் கருதித் தரப்படுகிறது என்பது கவனிக்கத்தக்கது. இங்கிலாந்தின் 2014-ஆம் ஆண்டுப் பராமரிப்புச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே சென்று, உதவி தேவைப்படுவதாகத் தோன்றும் பராமரிப்பாளரின் சொந்தத் தேவைகளைத் தனியே மதிப்பிடுவதை உள்ளாட்சியின் கடமையாக்கியுள்ளது. அத்தகைய மதிப்பீடு நம்மிடம் இல்லை. பதிவேட்டில் இன்னொரு பத்தியைச் சேர்ப்பதற்குப் பெருஞ்செலவு ஆகாது என்றே தோன்றுகிறது.

தன்னார்வலர் எவரும் இல்லாத ஊரில்

நோய் ஆதரவுக் குழு இல்லாத இடத்திலும் ஒரு சிறு வட்டத்தைத் தொடங்க முடியும். அதற்கு நீங்களே தலைமை ஏற்க வேண்டியதில்லை. அதற்கான நேரம் உங்களிடம் இல்லை என்பதே இங்கு பிரச்சினை. சுய உதவிக் குழுவிலோ, ஊர் நூலகத்திலோ, கோயில், பள்ளிவாசல், தேவாலயம் ஆகியவற்றின் நிர்வாகத்திலோ, கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட அலுவலரிடமோ, பணி ஓய்வு பெற்றோர் சங்கத்திலோ ஒருவரிடம் சொல்லுங்கள். நான்கு பேர் கிடைத்தால் போதும். அவர்களை ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியரோடு இணைத்துவிடுவது முக்கியம். பின்னால் ஒரு செவிலியர் இல்லாத குழு, முதல் நெருக்கடியிலேயே அஞ்சிக் கலைந்துவிடும்.

உங்கள் மனநிலையில் சில மாற்றங்கள் தோன்றினால் இவற்றுக்கெல்லாம் காத்திருக்கக் கூடாது. நோயாளியின் மீது கை ஓங்கும் அளவுக்குச் சினம் வருவது, உறங்க நேரம் கிடைத்தும் உறக்கம் வராமல் இருப்பது, அவரும் நானும் ஒன்றாகப் போய்ச் சேர்ந்துவிட்டால் நல்லது என்ற எண்ணம் எழுவது ஆகியவை களைப்பு எல்லை கடந்துவிட்டதன் அறிகுறிகள். இவற்றால் நீங்கள் தீயவர் ஆகிவிடுவதில்லை. 14416 என்ற ‘டெலி மானஸ்’ எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. முதியோர் தொடர்பான உதவிக்கும் வழிகாட்டலுக்கும் 14567 என்ற எண் உள்ளது.

நோயாளியின் மறைவுக்குப் பின் பட்டியலிலிருந்து அவர் பெயர் நீக்கப்படும்; வருகைகள் நின்றுவிடும். பல ஆண்டுகளாக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை விழித்துப் பழகிய நீங்கள், எழுப்ப ஆளில்லாமலே அந்த நேரத்துக்கு விழித்துக்கொள்வீர்கள். நோய் ஆதரவு சிகிச்சை முறைப்படி, இறப்புக்குப் பின் குடும்பத்தைச் சந்திப்பதும் சேவையின் ஒரு பகுதியே. காற்றுப் படுக்கையையோ சக்கர நாற்காலியையோ திரும்ப எடுத்துச் செல்லத் தன்னார்வலர் வரும்போது அவரைச் சற்று நேரம் உட்காரச் சொல்லுங்கள். நீங்கள் நிறுத்தி வைத்திருந்த உங்கள் சொந்தச் சிகிச்சை எதுவோ, அதனை அன்று அவரிடம் சொல்லி, சுகாதார நிலையத்துக்குச் செல்லும் நாளைக் குறித்துக்கொள்ளுங்கள்.